எம்.ஜி.பி வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பழைய பிரிட்டிஷ் கார்களைப் பிரித்துப் பூட்டி வருகிறேன். அதிலும் எம்.ஜி.பி என்ற ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எனக்குத் தனிப் பிரியம். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று நம் ஆட்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, அமன்சிம்டோட்டியில் 1972 எம்.ஜி.பி ரோட்ஸ்டர் (திறந்த கூரை வகை) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதுப் பெயின்ட், என்ஜின் சத்தமும் அருமை. சனிக்கிழமை போகிறேன். முதலில் எதைப் பார்ப்பது?

தம்பி, பெயின்டையும் என்ஜினையும் மறந்துவிட்டு முதலில் குனியுங்கள். எம்.ஜி.பிக்குத் தனியாக சேசிஸ் கிடையாது, பாடியே அதன் எலும்பு. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி போல ஓடுகிறதே, அந்த சில்தான் ரோட்ஸ்டரின் முதுகெலும்பு. மேலே கூரை இல்லாததால் பாரமெல்லாம் அதன்மேல்தான். அது கடற்கரையில் வளர்ந்த கார் வேறு. உப்புக் காற்று சில்லை உள்ளிருந்து தின்னும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

ஒரு சோதனை சொல்கிறேன். கதவை மூடி, அதன் பின் ஓரத்தில் உள்ள இடைவெளியை மேலும் கீழும் விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் காரின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, அதே இடைவெளியை மறுபடி தடவுங்கள். மேலே இடைவெளி நெருங்கினாலோ, கதவு திறக்க மறுத்தாலோ, பாடி நடுவில் மடிகிறது என்று அர்த்தம்.

நான் தொழில் கற்ற புதிதில், வட கடற்கரைப் பக்கம் ஒருவரிடம் சிவப்பு ரோட்ஸ்டர் ஒன்று வாங்கினேன். கண்ணாடி போலப் பெயின்ட். வீட்டுக்கு வந்து ஜாக்கி வைத்தால் கார் எழும்பவில்லை, ஜாக்கிதான் நொறுநொறுவென்று சில்லுக்குள் போனது. கையை விட்டுப் பார்த்தேன்: செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தக் காகிதம் ஈரமாக இருந்தது இன்னும் என் விரல் நுனியில் நிற்கிறது. அன்றிலிருந்து ஜாக்கி இல்லாமல் நான் கார் பார்க்கப் போவதில்லை.

அதே தம்பி: காந்தம் வைத்துப் பார்த்தால் போதாதா?

பட்டியைக் கண்டுபிடிக்கக் காந்தம் உதவும். மெல்லிய துணியில் சுற்றி, சில், முன் மட்கார்டின் கீழ்ப் பின் மூலை, பின் சக்கர வளைவு எல்லாம் தடவுங்கள். ஆனால் துருப்பிடித்த சில்லின் மேலேயே புதுத் தகட்டை வெல்டு வைத்திருந்தால் காந்தம் அங்கேயும் நன்றாகவே ஒட்டும். அதனால் காருக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, சில்லின் உள் ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் ரெயிலைப் பாருங்கள். கோட்டை மதில் போல மேடு பள்ளமாக இருக்கும். அந்த மேடு பள்ளம் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. தட்டைத் தகடு வைத்து மூடியிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை விற்பவரும் சொல்ல மாட்டார்.

இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு மூடி இருக்கும். 1974 வரை வந்த கார்களில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் அங்கேதான். அந்தப் பெட்டிகளின் அடி ஓட்டையாகித் தரை தெரிவது சகஜம். கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடியின் கீழே கீறல் விட்டிருக்கும். அது எம்.ஜி.பியின் பிறவிக் குணம், அதற்காக ஓடி வர வேண்டாம்.

பீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா: ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) கார் என்றால் துரு இருக்காது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை அக்கா, அங்கே காற்று வறட்சி. நானே கடற்கரைக் காரை விட மேட்டு நிலக் காரைத்தான் தேடச் சொல்வேன். ஆனால் அங்கே ஆலங்கட்டி மழை உண்டு. பானட்டையும் டிக்கி மூடியையும் சாய்ந்த வெயிலில் ஓரமாக நின்று பாருங்கள். அலை அலையாகத் தெரிந்தால் பள்ளங்களைப் பட்டியால் நிரப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஜோபர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்த அந்த ஊருக்கு ஏற்ப காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் எஸ்.யூ கார்ப்பரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பார்கள். அதே செட்டிங்கோடு டர்பனுக்கு இறக்கினால் காற்று அடர்த்தி கூடி, பெட்ரோல் போதாமல் சூடேறும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது திணறும். என்ஜின் போய்விட்டது என்று பயப்படாதீர்கள், முதலில் அந்தக் கலவையைச் சரி செய்யுங்கள்.

டொங்காட்டிலிருந்து ஒரு அண்ணன்: சரி, என்ஜினில் என்ன பார்ப்பது?

அண்ணே, அது 1798 சிசி, வார்ப்பிரும்பு, எளிமையான என்ஜின். ஸ்பேர் கிடைக்கிறது, எவரும் பிரித்துப் பூட்டலாம். அதனால்தான் நான் அதை இரண்டாவதாக வைக்கிறேன்.

போனதும் ரேடியேட்டர் ஹோசைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்க பைன்டவுனிலிருந்து குளூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லை விடச் சிறந்த இடம் இல்லை. ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். இறங்கும்போது காலை எடுத்து, கியரிலேயே விட்டு, அடிவாரத்தில் மறுபடி மிதியுங்கள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தால் ஆயில் எரிகிறது: வால்வு கைடோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கிறது. நன்றாகச் சூடான பின் ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 50 பவுண்டுக்கு (பி.எஸ்.ஐ) மேலும், ஐட்லிங்கில் 15க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஓவர்டிரைவ் (என்ஜின் வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் நான்காம் கியரில் போட்டுப் பாருங்கள், ஆர்.பி.எம் ஐந்தில் ஒரு பங்கு இறங்க வேண்டும்.

இந்த நாட்டில் 2006 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. பழைய சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் ஈயத்தை நம்பி வார்த்தது. அந்த இடத்தில் கடின உலோக வளையம் (கடின சீட்) போட்ட ஹெட்டா என்று கேளுங்கள், பில் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் வாங்கிய பிறகு வால்வு இடைவெளியை (கிளியரன்ஸ்) அடிக்கடி அளக்க வேண்டிவரும்.

அவரே: கம்பிச் சக்கரம் இருக்கிறது, அழகாக இருக்கிறது.

அழகுதான். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, நீங்கள் முன்னும் பின்னும் திருப்புங்கள். டக் டக் என்றால் சக்கரத்தை ஹப்போடு பூட்டும் ஸ்ப்லைன் பல் தேய்ந்துவிட்டது. ஹப்பும் சேர்த்து மாற்ற வேண்டும், சின்னச் செலவல்ல. முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிரேக்கை மிதித்த பின்னும் ஆட்டம் இருந்தால் அது பேரிங் இல்லை, முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் அடித்திருந்தால் தேயாது, யாரும் அடிப்பதில்லை.

லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி: விற்பவர் ரோட்வர்த்தி சான்றிதழ் தருகிறார். ஆனால் 'ஃபுட்ஸ்டுட்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்.

தம்பி, ரோட்வர்த்தி என்பது சோதித்த அன்று பிரேக், விளக்கு, ஸ்டியரிங் சரியாக இருந்தன என்பதற்கு மட்டும் சாட்சி. சில்லைக் குத்திப் பார்க்க மாட்டார்கள். பெயர் மாற்ற அது வேண்டும், அவ்வளவுதான்.

ஃபுட்ஸ்டுட்ஸ் என்றால் இருக்கிற நிலையிலேயே விற்கிறேன் என்று அர்த்தம். கார் வியாபாரியிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். தனி மனிதரிடம் வாங்கும்போது வராது. குறை அவருக்குத் தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் பேச இடம் உண்டு. அதனால் கையெழுத்துக்கு முன்பே, "சில்லில் வெல்டிங் செய்ததுண்டா? எப்போது?" என்று வாட்ஸப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

பதிவுச் சான்றில் உள்ள என்ஜின் நம்பரையும், காரின் அடையாள எண்ணான சேசிஸ் நம்பரையும் காரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். என்ஜின் மாற்றியிருந்தால் போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும். பதிவுச் சான்றில் கோட் 3 என்றிருந்தால் அது முன்பு அடிபட்டு மறுபடி கட்டிய கார்.

வெருலத்திலிருந்து ஒரு தங்கை: அப்பாவின் எம்.ஜி.பி ஜிடி (கூரை உள்ள வகை) பன்னிரண்டு வருடமாக கராஜில் நிற்கிறது. வாங்க வருகிறவர் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்கிறார்.

வேண்டாம் தங்கை! பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாள் கழித்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். டாங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை வடிக்க வேண்டும். பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும், டயரும் பார்க்க நன்றாக இருந்தாலும் நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றால் 2009இன் 23ஆவது வாரம். அப்பாவின் கார் கராஜில் வறட்சியாக நின்றிருந்தால், ஓடாத நிலையிலும் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. அவசரப்பட்டு விற்காதீர்கள்.

சாட்ஸ்வொர்த் தம்பி, மறுபடி: அண்ணா, போய்ப் பார்த்தேன். ஜாக்கியில் ஏற்றியதும் வலது கதவின் மேல் இடைவெளி நெருங்கிவிட்டது. விற்பவரே வெட்கப்பட்டு விலையைக் குறைக்கிறேன் என்கிறார். எடுக்கலாமா?

மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் யோசிக்கலாம். ஒரு பக்கம் மடிந்தால் மறுபக்கமும் தூரத்தில் இல்லை, அதனால் இரண்டு சில்லுக்கும் சேர்த்து ஒரு பாடிக்காரரிடம் விலை வாங்கிக்கொண்டு அதைக் கழித்துப் பேசுங்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பழைய சில்லை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டு வைப்பீர்களா?" வைக்காமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்து, அந்த வளைவோடே புதுச் சில்லும் ஒட்டிவிடும். அப்புறம் எத்தனை ராண்டு கொடுத்தாலும் கதவு ஒழுங்காக மூடாது. எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டால், வேறு பாடிக்காரரைத் தேடுங்கள் தம்பி. வைப்பேன் என்றால் எனக்குச் சொல்லுங்கள், வெட்டுகிற அன்று நானும் வருகிறேன்.