மூன்று சூரியனும் ரப்பர் ஷீட்டும்: கிராணி ஐயாவிடம் கேட்டவை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறோம். போன முறை நேரம் போதவில்லை, கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் விமர்சகன் இல்லை. ரப்பர் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, முப்பது வருடம் செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேடு எழுதியவன். ராத்திரியில் தூக்கம் வராததால் படிக்கிறேன், அவ்வளவுதான்.

ஐயா, 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' தொடரை நெட்ஃபிலிக்ஸில் பார்த்துவிட்டேன். நாவலையும் படிக்கணுமா? (செம்பனை லாரி ஓட்டுபவர்)

படி தம்பி. லியு சிஷின் சீனத்தில் எழுதி 2008இல் புத்தகமாக வந்தது. கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வந்து, மறு வருடமே அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. சீனக் கலாச்சாரப் புரட்சியில் ஒரு பேராசிரியரை மாணவிகளே மேடையில் அடித்துக் கொல்கிறார்கள், மகள் கூட்டத்தில் நின்று பார்க்கிறாள். அவள் பின்னாளில் எடுக்கும் ஒரு முடிவில்தான் கதையே தொங்குகிறது.

என்னை விடாமல் பிடித்தது அந்த மூன்று சூரிய உலகம். எந்தச் சூரியன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயில் கொளுத்தும் காலத்தில் அங்குள்ளவர்கள் உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் வெளியேற்றிக் காய்ந்துபோகிறார்கள். அவர்களைச் சுருட்டி அடுக்கி வைத்து, நல்ல காலம் வந்ததும் தண்ணீரில் போட்டு எழுப்புகிறார்கள். மரத்துப் பாலை உறைய வைத்து, மிஷினில் கொடுத்து நசுக்கி, புகையில் தொங்கவிட்ட ரப்பர் ஷீட்டுகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. அந்த வாடைகூட வந்தது.

ஆட்கள் பேசுவது மட்டும் பள்ளிப் பாடம் ஒப்பிப்பது போல இருக்கும். நடுவில் இருபது பக்கம் தள்ளிவிட்டுப் படித்தேன், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பள்ளியில் படிவம் ஐந்து படிக்கிறேன். என் ஆங்கிலம் சுமார். எதில் ஆரம்பிக்கலாம்?

ஆண்டி வியர் 2021இல் எழுதிய 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி'. விண்கலத்தில் கண் விழிக்கும் ஒருவனுக்குத் தன் பெயரே நினைவில்லை. பூமியில் அவன் பள்ளி அறிவியல் வாத்தியார். ஒரு நுண்ணுயிர் சூரியனின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு மருந்து தேடித்தான் போயிருக்கிறான். போன இடத்தில் கண்ணே இல்லாத, சங்கீத ஸ்வரம் போலப் பேசும் ஒரு வேற்றுலகவாசி நண்பனாகிறது. இரண்டு பேரும் பாஷை பழகும் இடம் அருமை. தாத்தாவும் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீனக் கடை முதலாளியும் விரலை மடக்கியே கடன் கணக்கைத் தீர்த்துக்கொள்வார்கள், அந்த மாதிரி. ஜோக் கொஞ்சம் அதிகம். பொறுத்துக்கொள் தங்கச்சி.

'ஆர்பிட்டல்' நாவலில் ஒன்றுமே நடக்கவில்லையே. இதற்கா புக்கர் பரிசு? (ஓய்வு பெற்ற ஆசிரியை)

டீச்சர், முதல் தடவை நானும் பாதியில் மூடி வைத்தேன். சமந்தா ஹார்வி எழுதிய இந்த நாவலுக்கு 2024இல் பரிசு கிடைத்தபோது, 136 பக்கத்துக்கா என்று நானும் கேட்டேன்.

விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், கதை நடப்பது ஒரே நாள். அந்த ஒரு நாளில் அவர்கள் பூமியைப் பதினாறு தடவை சுற்றுகிறார்கள், பதினாறு விடியல் பார்க்கிறார்கள். கீழே பசிபிக் கடலில் ஒரு சூறாவளி பிலிப்பைன்ஸ் பக்கம் நகர்கிறது. மேலிருந்து அதைப் படம் எடுக்கலாம், தடுக்க முடியாது.

இரண்டாம் தடவை படித்தபோது என்னை நிறுத்தியது அந்த ஜப்பானியப் பெண். அவளுடைய அம்மா இறந்துவிட்டாள், இவளால் இறங்கி வர முடியாது. தமிழ்நாட்டிலிருந்து எங்கள் தாத்தாவுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. அது வந்து சேர்வதற்குள் அங்கே காரியமே முடிந்திருந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போனார், பிறகு ரப்பர் மரம் சீவப் போனார் என்று பாட்டி சொல்வார். அந்தக் கதையிலும் வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் தடவை படிப்பேனா என்றால், மாட்டேன்.

ரோபோ கதை என்று 'க்ளாரா அண்ட் த சன்' எடுத்தேன், அழுகைதான் வந்தது.

வரும். 2017இல் நோபல் பரிசு வாங்கிய கசுவோ இஷிகுரோ 2021இல் எழுதியது. நோயாளிச் சிறுமிக்குத் துணையாகக் கடையில் வாங்கப்பட்ட இயந்திரம்தான் கதை சொல்கிறது. நம் தோட்டத்து ஆயா கொட்டகையில் எத்தனை பிள்ளைகளை ஒருத்தி ஆட்டித் தூங்க வைத்தாள்! பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவளை யார் தேடினோம்? முடிவைச் சொல்ல மாட்டேன்.

நம் பக்கத்துக் கதை ஏதாவது?

டான் துவான் எங் எழுதிய 'த கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்', கேமரன் மலையில் அவசரகாலத்தின்போது நடக்கிறது. 1948 ஜூனில் நம் ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்ட பிறகு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்ததே, அதே அவசரகாலம். அழகான நடை. தேயிலைத் தோட்டமும் உண்டு, ஆனால் நம் ஆட்கள் ஓரமாக நடந்து போய்விடுகிறார்கள். அந்தக் குறை தீர, கோ. புண்ணியவானின் 'கையறு' படியுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை போடத் தோட்டத்திலிருந்து பிடித்துப் போன நம் ஆட்களின் கதை. ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை, இரண்டு நாள் மூடி வைத்தேன்.

தமிழில் அறிவியல் கதை?

ஜெயமோகனின் 'விசும்பு'. நாவல் இல்லை, சிறுகதைகள்.

புத்தகம் இரவல் தருவீர்களா ஐயா?

தருவேன். 'க்ளாரா' மட்டும் இப்போது கையில் இல்லை. முதல் கேள்வி கேட்ட தம்பி லாரி சீட்டுக்கு அடியில் தேடிப் பார்க்கட்டும்.