இரவு 10 மணிச் சாப்பாடும் எல்லையில் நிற்கும் சர்க்கரையும்

கேள்வி: எனக்கு வயது 42. அலுவலக வேலை. காலையில் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். மதியச் சாப்பாடு கணினி முன்னால், 5 நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் நாலைந்து டீ. வீட்டுக்கு வந்து இரவு 10 மணிக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன், உடனே படுத்துவிடுகிறேன். சில மாதங்களாக நெஞ்செரிச்சல். போன வாரப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1 என்று வந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதா? வாய்க்கட்டுப்பாடு இல்லாததுதான் காரணம் என்கிறார்கள் வீட்டில். இனி எனக்கு மட்டும் தனியாகச் சமைக்க வேண்டுமா? 12 வயது மகனும் என்னைப் போலவே செல்போனைப் பார்த்தபடி அவசரமாகச் சாப்பிடுகிறான்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

மருத்துவர் பதில்:

முதலில் அந்த 6.1. உங்களுக்குச் சர்க்கரை நோய் வந்துவிடவில்லை. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதைத்தான் எச்பிஏ1சி காட்டுகிறது. 5.7-க்குக் கீழே என்றால் இயல்பு. 6.5-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். இடைப்பட்டது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, நீங்கள் இருப்பது அங்கே. இங்கிருந்து திரும்பி வர முடியும். சர்க்கரை நோயை எட்டும் நிலையில் இருந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற உடலுழைப்பு என்ற இலக்கோடு வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது.

அடுத்து, வாய்க்கட்டுப்பாடு. இந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். பகல் முழுக்க அரைகுறையாகச் சாப்பிட்ட உடம்பு இரவு 10 மணிக்குத் தட்டைப் பார்த்தால் அள்ளித்தான் சாப்பிடும், அது பசியின் இயல்பு. வயிறும் குடலும் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்ல 15, 20 நிமிடம் ஆகும். 5 நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பவருக்கு அந்தச் செய்தி கை கழுவிய பிறகுதான் வந்து சேருகிறது. 2019-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, ஆலையில் தயாரான உணவு இரண்டு வாரம், வீட்டுச் சமையல் போன்ற எளிய உணவு இரண்டு வாரம் கொடுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு எடை கூடியது. மனவுறுதி அதேதான், மாறியது முன்னால் வைத்த உணவு மட்டுமே.

உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் அந்த இரவுச் சாப்பாட்டில் பெரிய பங்கு இருக்கிறது. இரவு ஆக ஆக இன்சுலின் மந்தமாகத்தான் வேலை செய்யும். அதே சாப்பாட்டைக் காலையில் சாப்பிடுவதைவிட இரவில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறும். வயிறு நிரம்பியிருக்கும்போது படுத்தால் உணவுக்குழாயின் கீழ்முனையில் உள்ள வால்வைத் தாண்டி அமிலம் மேலே வருகிறது, அதுதான் நெஞ்செரிச்சல்.

ஆகவே, சாப்பாட்டின் நேரத்தை முதலில் மாற்றுங்கள். காலையில் ஏதாவது சாப்பிடுங்கள், கொஞ்சமாக இருந்தாலும் சரி. மதியம் கணினியை விட்டு எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து 20 நிமிடமாவது சாப்பிடுங்கள். முதலில் காய்கறியும் பருப்போ முட்டையோ, அப்புறம் சோறோ ரொட்டியோ என்று வைத்துக்கொண்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். மாலை 6 மணிக்கு ஒரு பழமும் ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்பும் சாப்பிட்டால் இரவில் அந்த வெறிப்பசி இருக்காது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். வீட்டுக்கு வரவே தாமதமாகிறது என்றால் மதியச் சாப்பாட்டைப் பெரிதாக்கி இரவில் லேசாகச் சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் 10 நிமிடம் நடங்கள். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறீர்கள் என்றால் 5 டீயில் மட்டுமே சுமார் 40 கிராம் ஆகிவிடுகிறது. நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயில் வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும்.

தனிச் சமையல் வேண்டவே வேண்டாம். காய்கறி கூட்டி, உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் குறைத்துச் செய்யும் சாப்பாடு வீட்டில் எல்லோருக்கும் நல்லது. உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு ஸ்பூன். இரண்டு அடுப்பு எரித்தால் சமைப்பவருக்கு வேலை இரட்டிப்பாகும், உங்களுக்கும் நோயாளி என்ற முத்திரை விழும். சில வாரங்களில் அது நின்றுபோவதைத்தான் பார்க்கிறேன். சமையலில் நீங்களும் ஒரு கை கொடுங்கள். மகனுக்கு அறிவுரை சொல்வதைவிட, உங்கள் செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவனோடு உட்காருங்கள்.

ஊரே சேர்ந்து மாறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பின்லாந்தின் வட கரேலியா பகுதி சாட்சி. ஒருகாலத்தில் உழைக்கும் வயது ஆண்கள் அங்கே மாரடைப்பால் ஏராளமாக இறந்தார்கள். 1972-ல் தொடங்கிய திட்டம் தனி நோயாளிகளோடு நிற்காமல் குடும்பத்தலைவிகள், பள்ளிகள், பால் பண்ணைகள், இறைச்சி ஆலைகள் எல்லோரையும் இழுத்து வந்தது. வெண்ணெயும் உப்பும் குறைந்தன, காய்கறி கூடியது, புகைப்பதும் குறைந்தது. அடுத்த 40 ஆண்டுகளுக்குள் அந்த ஆண்களின் இதயநோய் மரணங்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. அதனால், சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள் என்று உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். அது சலுகை அல்ல. பக்கத்து மேசைக்காரருக்கும் அந்த 20 நிமிடம் தேவைப்படுகிறது.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பாருங்கள், ரத்த அழுத்தமும் கொழுப்பும் சேர்த்து. விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, கருப்பாக மலம் போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். நெஞ்சு வலி கை, தாடைக்குப் பரவினாலோ, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தாலோ வாயு என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.