தொடர் நேர கன்வல்யூஷனில் லிமிட்டைப் பிழையில்லாமல் போடுவது எப்படி?

தர்மபுரி செட்டிக்கரையில் இ.சி.இ. படிக்கும் ஒருவரின் கேள்வி இது: "இன்டக்ரேஷன் நன்றாக வருகிறது. ஆனால் கன்வல்யூஷன் கணக்கில் லிமிட் ஒவ்வொரு முறையும் தப்பாகிறது. என்ன செய்வது?"

கன்வல்யூஷன் என்றால் ஒரு சிக்னலைத் திருப்பி, டி அளவு நகர்த்தி, இன்னொரு சிக்னலோடு பெருக்கி இன்டக்ரேட் செய்வது. இதில் இன்டக்ரேஷன் சின்ன வேலைதான். பெரும்பாலும் மாறிலியையோ எக்ஸ்பொனென்ஷியலையோதான் இன்டக்ரேட் செய்கிறோம். மதிப்பெண் போவது எல்லைகளில். அதனால் சூத்திரத்தைத் தொடும் முன் படம் போடுங்கள். படத்தின் கிடை அச்சு டௌ, அதாவது இன்டக்ரேட் செய்யும் மாறி. விடை தேடும் நேரமான டி அந்த அச்சில் ஓர் இடம், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே அச்சில் குழப்பிக்கொண்டால் அதன் பிறகு எதுவும் சரியாக வராது.

ஒரு கணக்கு எடுப்போம். எக்ஸ் என்ற பல்ஸ் 0 முதல் 3 நொடி வரை, உயரம் 2. ஹெச் என்ற பல்ஸ் 0 முதல் 1 வரை, உயரம் 1. ஹெச்-ஐத் திருப்பி டி அளவு நகர்த்தினால் அது டி − 1 முதல் டி வரை உட்காரும். இந்த இரண்டு முனைகளையும் படத்திலேயே எழுதிவிடுங்கள்.

சேலம் பக்கமிருந்து ஒரு ரயில் வந்து மொரப்பூர் பிளாட்பாரத்தைக் கடப்பதை நினைத்துப் பாருங்கள். பிளாட்பாரம் எக்ஸ், ரயில் ஹெச். என்ஜின் இருக்குமிடம் டி, கடைசிப் பெட்டி டி − 1. என்ஜின் உள்ளே வரவர பிளாட்பாரத்தை ஒட்டி நிற்கும் பெட்டிகளின் நீளம் கூடுகிறது. முழு ரயிலும் உள்ளே இருக்கும்வரை அது மாறுவதில்லை. என்ஜின் வெளியேறியதும் குறைகிறது. இன்டக்ரலின் லிமிட் எப்போதும் அந்த ஒட்டிய பகுதியின் இரு முனைகளே.

0 < டி < 1: லிமிட் 0 முதல் டி வரை, விடை 2டி.
1 < டி < 3: லிமிட் டி − 1 முதல் டி வரை, விடை 2.
3 < டி < 4: லிமிட் டி − 1 முதல் 3 வரை, விடை 2(4 − டி).
மற்ற இடங்களில் 0.

இந்த 0, 1, 3, 4 என்ற திருப்புமுனைகளைப் படம் இல்லாமலும் எடுக்கலாம். எக்ஸின் முனைகள் 0, 3. ஹெச்சின் முனைகள் 0, 1. ஒன்றோடொன்று கூட்டுங்கள்: 0, 1, 3, 4. அகலங்கள் சமமாக இருந்தால் நடு இரண்டும் ஒன்றாகிவிடும், விடையின் சரிவக வடிவம் முக்கோணமாகும்.

சிக்னல் 0-வில் தொடங்காதபோதுதான் பலர் வழுக்குகிறார்கள். ஹெச் 1 முதல் 3 வரை இருந்தால், திருப்பி நகர்த்தியது டி − 3 முதல் டி − 1 வரை. தொடங்கும் முனையான 1 முன்னால், அதாவது வலப்பக்கம் வரும். டி + 1 என்று எழுதினால், திருப்பாமல் நகர்த்திவிட்டீர்கள் என்று பொருள்.

விடையைச் சோதிக்க இரண்டு வழிகளைக் கட்டாயம் பழகுங்கள். ஒன்று பரப்பு: எக்ஸின் பரப்பு 6, ஹெச்சின் பரப்பு 1, எனவே விடையின் பரப்பு 6 ஆக வேண்டும். மேலே வந்த சரிவகத்துக்கு (4 + 2) × 2 ÷ 2 = 6, சரி. இன்னொன்று தொடர்ச்சி: இம்பல்ஸ் (ஒரே கணத்தில் குவிந்த கூர்முனை) இல்லாத இத்தகைய பல்ஸ்களில் விடை எங்கும் குதிக்காது. டி = 3-இல் இரு துண்டுகளும் 2 தருகின்றனவா என்று பாருங்கள்.

பல்ஸ் கணக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஹெச்-ஐ டிஃபரென்ஷியேட் செய்தால் 0-வில் +1, 1-இல் −1 என இரண்டு இம்பல்ஸ். எக்ஸை இன்டக்ரேட் செய்தால் 3 வரை 2டி, பிறகு 6. அதிலிருந்து அதையே 1 நொடி தள்ளிக் கழித்தால் அதே சரிவகம் வரும். முடிவில்லாத காலமாக மாறிலியாகவே இருக்கும் சிக்னலுக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். டிஃபரென்ஷியேட் செய்யும்போது மாறிலி தொலைந்துவிடும்.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை குறைவு. டெல்டா(டி − 2), அதாவது 2-இல் இருக்கும் இம்பல்ஸ், எதையும் 2 நொடி தள்ளும். ஸ்டெப்போடு (0 நொடியில் 0-விலிருந்து 1-க்குத் தாவி அங்கேயே நிற்கும் சிக்னல்) ஸ்டெப்பைக் கன்வல்யூஷன் செய்தால் ராம்ப் (சீராக ஏறும் கோடு). 0-வில் தொடங்கும் இ^(−ஏடி), இ^(−பிடி) இரண்டையும் கன்வல்யூஷன் செய்தால் இவற்றின் வித்தியாசத்தை (பி − ஏ) ஆல் வகுத்தது. ஏ = பி என்றால் அந்தச் சூத்திரம் உதவாது, விடை டி × இ^(−ஏடி).

எக்ஸ்பொனென்ஷியலும் பல்ஸும் சேர்ந்து வந்தால் பல்ஸைத் திருப்புங்கள். லேபில் செய்யும் ஆர்.சி. (ரெசிஸ்டர், கெபாசிட்டர்) சர்க்யூட்டையே எடுங்கள். 10 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட் என்றால் இரண்டின் பெருக்கலான டைம் கான்ஸ்டன்ட் 0.1 நொடி, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (இம்பல்ஸுக்கு சர்க்யூட் தரும் வெளியீடு, அதாவது ஹெச்) 10 × இ^(−10டி). உள்ளீடு 5 வோல்ட், 0.2 நொடி பல்ஸ். 0.2 வரை லிமிட் 0 முதல் டி, விடை 5(1 − இ^(−10டி)). அதன் பிறகு கீழ் லிமிட் டி − 0.2. இங்கே 0-வையே விட்டுவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் மின்னழுத்தம் 5 வோல்ட்டை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். சரியாகப் போட்டால் 0.2 நொடியில் 4.32 வோல்ட் வரை ஏறி, அங்கிருந்து இறங்கி 0.3 நொடியில் 1.59 வோல்ட் ஆகும். ஆஸிலோஸ்கோப்பை கெபாசிட்டருக்குக் குறுக்கே வைத்தால், பாகங்களின் டாலரன்ஸுக்கு ஏற்ற சின்ன வித்தியாசத்தோடு இதே வளைவைப் பார்க்கலாம்.