ஐந்து பாட்டில் ஏற்றியது தவறா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64, எடை 54 கிலோ. நான்கு வருடம் முன்பு மாரடைப்பு வந்ததில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான். போன மாதம் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, செப்சிஸ் என்று அவசரப் பிரிவில் சேர்த்தோம். முதல் மருத்துவமனையில் ஐந்து பாட்டில் ஏற்றினார்கள், மூச்சு வாங்க ஆரம்பித்தது. அடுத்த மருத்துவமனையில் ட்ரிப்ஸை நிறுத்திவிட்டு வேறு மருந்து போட்டார்கள். இப்போது வீட்டில் நலம். யார் செய்தது சரி? இனி ட்ரிப்ஸே போட விடக்கூடாதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: அப்படி ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

செப்சிஸில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, கசியவும் செய்கின்றன. வாய்க்கால் திடீரென்று அகலமாகி, கரையிலும் ஓட்டை விழுந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா? அப்படித்தான் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் எட்டாமல் போகிறது. அதனால் முதலில் தண்ணீர் விட்டாக வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்கு முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்பது சர்வதேச வழிகாட்டிக் கணக்கு. உங்கள் அம்மாவுக்கு 1,620 மில்லி, அதாவது அரை லிட்டர் பாட்டில் மூன்றும் கொஞ்சமும். 2016இல் அடித்துச் சொன்ன அந்தக் கணக்கை 2021இல் வெறும் பரிந்துரையாகக் குறைத்துவிட்டார்கள்.

அதற்கு மேல் விட்டால் கசிவு நுரையீரலில் போய்த் தேங்கும். அந்தக் கட்டத்தில், ரத்தக்குழாயை இறுக்கும் நார்அட்ரினலின் என்ற மருந்தின் வேலை தொடங்க வேண்டும். இரண்டாவது மருத்துவமனை போட்ட 'வேறு மருந்து' அநேகமாக அதுதான். அமெரிக்காவில் நடந்து 2023இல் வெளிவந்த பெரிய ஆய்வில், நிறையத் திரவம் கொடுத்தவர்களிலும் குறைத்துக் கொடுத்து இந்த மருந்தை முன்கூட்டித் தொடங்கியவர்களிலும் 90 நாளில் இறந்தவர்கள் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இரு தரப்புக்குமே அதற்கு முன்னால் ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை போயிருந்தது. இதை மறந்துவிட்டு 'தண்ணியே வேண்டாம்' என்று பேசுகிறவர்கள் எங்கள் துறையிலேயே உண்டு.

ஆகவே முதல் மருத்துவமனை ஏற்றத் தொடங்கியது தவறில்லை. எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. பலவீனமான இதயம் என்பதாலேயே தண்ணீரை மறுப்பதும் ஆபத்து, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பம்பிங் 35 என்ற எண்ணைப் பார்த்ததும் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று, சிறுநீரகம் போன நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு 250 மில்லியாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் பிறகு முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நுரையீரலின் அடிப்பகுதியைக் கேட்க வேண்டும். விரல் நுனியைப் பத்து நொடி அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மூன்று நொடிக்குள் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்களைத் தூக்கிப் பிடித்தால் இதயம் தள்ளும் ரத்தம் கூடுகிறதா என்றும் பார்க்கலாம். கூடவில்லை என்றால் அடுத்த பாட்டில் வீண். பெரிய செலவில்லாத சோதனைகள் இவை. ஆளும் நேரமும்தான் வேண்டும், ஒரு நர்ஸுக்குப் பத்து நோயாளி என்றால் யார் அழுத்திப் பார்ப்பது?

எனக்கு எரிச்சலூட்டுவது இன்னொன்று. மாற்றி அனுப்பும்போது தரும் சீட்டில் 'ஐவி ஃப்ளூயிட்ஸ் கொடுக்கப்பட்டது' என்று ஒற்றை வரி. எவ்வளவு, எத்தனை மணிக்கு, சிறுநீர் எவ்வளவு வந்தது? ஒன்றும் இருக்காது. இரண்டாவது டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் தொடங்குகிறார். அடுத்த முறை அந்தச் சீட்டில் மில்லி கணக்கையும், முதல் ஆன்டிபயாட்டிக் போட்ட நேரத்தையும் எழுதி வாங்காமல் ஆம்புலன்ஸ் ஏறாதீர்கள். வீட்டார் எல்லோரும் பாட்டிலை எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டிய ஆன்டிபயாட்டிக்கை யாரும் கேட்பதில்லை.

ஆம்புலன்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 'அங்க வேணாம் சார், நான் நல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்று வழியில் திருப்பும் தனியார் வண்டிக்காரர் பெரும்பாலும் கமிஷனுக்குப் பேசுகிறார். 108ஐக் கூப்பிடுங்கள். வாசலில் நின்று 'ஆல்புமின் வாங்கிட்டு வாங்க, உடனே தேறிடும்' என்று சீட்டு நீட்டுகிறவரிடமும் ஜாக்கிரதை. ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தைக் கரைசலாக ஏற்றும், பல ஆயிரம் ரூபாய் மருந்து அது. சாதாரண உப்பு நீரும் ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப்ஸ் கரைசலும் நிறையப் போன பிறகுதான் அதைப் பற்றிய பேச்சே.

எல்லாவற்றையும் விட மோசம், தெருமுனை கிளினிக்கில் 'குளுக்கோஸ் ஏத்துறது'. ஐந்து சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டர் போட்டால் ரத்தக்குழாயில் தங்குவது நூறு மில்லிகூட இல்லை, மீதி உடம்பெங்கும் பரவிவிடும். மஞ்சள் நிறத்தில் வைட்டமின் கலந்திருந்தால் தெம்பு வந்ததுபோல ஒரு நினைப்பு, அவ்வளவுதான். குளுக்கோஸ் ஏறும் அந்த இரண்டு மணி நேரத்தில் செப்சிஸ் முற்றிவிடும்.

அம்மாவுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவு இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுதான். இன்றே ஒரு சின்ன அட்டையில் அவர் எடை, பம்பிங் சதவீதம், வழக்கமான ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையின் கடைசி அளவு, சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை எழுதி, காப்பீட்டு அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். உள்ளே நுழைந்ததும் அதை டாக்டர் கையில் கொடுங்கள், ரிசப்ஷனில் அல்ல.