மூன்றாவது பெட்டி ஏன் கீழே இறங்குகிறது?

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் உள்ள எங்கள் பலகாரக் கடைக்குத் தீபாவளி ஆர்டர் பக்கம் தயாரிக்கிறேன். முறுக்கு, அதிரசம், லட்டு மூன்றும் ஒரே வரிசையில் வர, ஒவ்வொரு பெட்டிக்கும் 33.33% அகலம் கொடுத்தேன். லட்டு மட்டும் கீழே போய்விட்டது. 28% என்று குறைத்ததும் கணினியில் சரியாகிவிட்டது, கைத்தொலைபேசியில் மறுபடியும் இறங்குகிறது. தமிழ்ப் பக்கத்தில் பொத்தானின் எழுத்தும் வெட்டுப்படுகிறது. ஆங்கிலப் பக்கத்தில் அப்படி இல்லை. பேடிங் (உள் இடைவெளி) 20 பிக்சல், பார்டர் (ஓரக் கோடு) 1 பிக்சல் வைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் எழுதிய அகலம் முழுப் பெட்டியின் அகலம் அன்று; உள்ளே எழுத்து உட்காரும் இடத்தின் அகலம் மட்டுமே. பிரௌசர் இயல்பாக அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். பேடிங்கும் பார்டரும் அதற்கு வெளியே சேரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிசையின் அகலம் 960 பிக்சல் என்றால் ஒரு பெட்டிக்கு 320. இரு பக்கப் பேடிங் 40, பார்டர் 2 சேர்ந்து 362. மூன்றுக்கு 1086. இடம் போதாமல் மூன்றாவது இறங்கத்தான் செய்யும். 28% வைத்தபோது 932 ஆனதால் தப்பித்தது. ஆனால் அந்த 42 பிக்சல் திரைக்கு ஏற்பச் சுருங்காது. வரிசை 788 பிக்சலுக்குக் கீழே போனதுமே கணக்கு உதைக்கும். கைத்தொலைபேசி அதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே சதவீதத்தைக் குறைத்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

ஸ்டைல் (சிஎஸ்எஸ்) கோப்பின் தொடக்கத்தில் எல்லா எலிமென்ட்டுகளுக்கும் (பக்கத்தின் உறுப்புகள்), ஸ்டைல் மூலம் அவற்றின் முன்னும் பின்னும் சேர்க்கும் பிஃபோர், ஆஃப்டர் பகுதிகளுக்கும் ‘பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்’ என்று எழுதுங்கள். இனி 320 என்றால் பார்டர் வரைக்கும் 320. எழுத்துக்கு 278 கிடைக்கும். மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) மட்டும் இந்தக் கணக்கில் வராது. பெட்டிகளுக்கு நடுவே மார்ஜின் வைத்தால் லட்டு மறுபடியும் இறங்கும்.

அதனால் வரிசையையே கிரிட் (கட்ட அமைப்பு) ஆக்கிவிடுவது நல்லது. இடைவெளிக்கு ‘கேப்’ 16 பிக்சல். நிரல்களுக்கு ரிப்பீட், ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ் 240 பிக்சல் முதல் 1 எஃப்ஆர் வரை; அதாவது ஒவ்வொரு நிரலும் குறைந்தது 240 பிக்சல், மிஞ்சும் இடத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். பெட்டிக்குத் தனியாக அகலம் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். 960-இல் மூன்று நிரல், கைத்தொலைபேசியில் ஒன்றின் கீழ் ஒன்று என்று தானே அமையும். நடுத்தர அகலத்தில் இரண்டு மேலே, ஒன்று கீழே வரும். அது பிழை அன்று.

அடுத்தது பொத்தான். ‘ஆர்டர்’ என்பது ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. ‘முன்பதிவு செய்துகொள்ளுங்கள்’ அப்படியா? குறுகிய பெட்டியில் இரண்டாம் வரிக்குப் போகும். உயரத்தை 36 பிக்சல் என்று பூட்டி, ஓவர்ஃப்ளோவை ஹிட்டன் ஆக்கியிருந்தால் (வழிவதை மறைத்திருந்தால்) அந்த வரி வெட்டுப்படும். ஒற்றை வரியாக இருந்தாலும் ‘கூ’, ‘ழு’ அடியில் நீளும். ‘ரி’, ‘கீ’ தலையில் சுழியும். தமிழுக்கு உயரத்தைப் பூட்டவே கூடாது. ஹைட்டை நீக்கி மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) 44 பிக்சல், பேடிங் மேலும் கீழும் 10, பக்கங்களில் 16 கொடுங்கள். விரலால் தொடவும் அந்த 44 வசதி.

வரி உயரத்தை 1.6 என்று அலகு இல்லாமல் எழுதுங்கள். பாடிக்கு (முழுப் பக்கத்துக்கும்) 24 பிக்சல் என்று எழுதினால், 32 பிக்சல் தலைப்பும் அதே 24-ஐ வாங்கிக்கொள்ளும். மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘ரி’ மீது ஏறும். 1.6 என்றால் தலைப்புக்கு 51 கிடைக்கும். ‘செய்துகொள்ளுங்கள்’ போன்ற நீளச் சொல் பெட்டியைத் தாண்டாமலிருக்க ‘ஓவர்ஃப்ளோ-ரேப்: எனிவேர்’ சேர்த்துவிடுங்கள்.

தலைப்பின் கீழ் மார்ஜின் 24, அடுத்த பத்தியின் மேல் மார்ஜின் 16 வைத்தால் நடுவே 40 வராது, 24தான் வரும். செங்குத்து மார்ஜின்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். கிரிட்டின் உள்ளே இருக்கும் பெட்டிகளுக்கு இது நடக்காது.

சந்தேகம் வந்தால் குரோமில் பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் திறந்து, குறியீட்டில் அந்த வரியின் மேல் சுட்டியை வையுங்கள். நீலம் எழுத்தின் இடம், பச்சை பேடிங், ஆரஞ்சு மார்ஜின். திரை அகலத்தை 360 ஆக்கி, தமிழ்ப் பக்கத்தையே முதலில் பாருங்கள்.