மாதக் கணக்குச் சண்டை: முதலில் ‘லேப்’பை விடுங்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நான்கு பேர் போய் நீந்துகிறீர்கள், ஆளுக்கு மாதம் 20 கிலோமீட்டர் என்று வைத்ததில் கணக்கு உதைக்கிறது, மச்சான் பாதியிலேயே நின்றுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். நான் பக்கத்துச் சித்தூர்தான். எங்கள் கூட்டத்திலும் இதே கதை நடந்தது.

சண்டைக்குக் காரணம் ‘லேப்’ என்ற சொல். ஒருவருக்குக் குளத்தின் மறுமுனைக்குப் போனாலே ஒன்று, இன்னொருவருக்குப் போய்த் திரும்பினால்தான் ஒன்று. மீட்டரில் மட்டும் எழுதுங்கள். 25 மீட்டர் குளத்தை 40 முறை கடந்தால் ஒரு கிலோமீட்டர்.

எண்ணிக்கை தப்புவதற்கு என் வழி, கரையில் பத்துப் புளியங்கொட்டை. நான்கு முறை கடந்ததும் ஒன்றை அந்தப் பக்கம் தள்ளுவேன்; பத்தும் நகர்ந்தால் கிலோமீட்டர் முடிந்தது. பக்கத்துத் தடத்துக்காரர் காலடித்த தண்ணீரில் கொட்டை மொத்தமும் ஒருநாள் குளத்துக்குள் போய்விட்டது. இப்போது கூழாங்கல். நீந்தும் தூரத்தை எண்ணும் வாட்ச் வைத்திருப்பவர் குளத்தின் நீளத்தைச் சரியாகப் பதிந்திருக்கிறாரா பாருங்கள். மிதவைப் பலகை பிடித்துக் காலடித்தால் பெரும்பாலும் அது எண்ணாது, கையசைவுதான் அதற்குக் கணக்கு.

அப்புறம் மச்சான். மாதம் 12 நாள் போனால் 20 கிலோமீட்டருக்குத் தினம் 67 தடவை கடக்க வேண்டும். புதியவருக்கு அது தண்டனை சார்! அவர் போன மாதம் நீந்தியதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி இலக்கு வையுங்கள். வாட்ஸ்அப்பில் தூரத்தைப் போடாமல், அவரவர் இலக்கில் எத்தனை சதவீதம் என்று போடுங்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை மாதத்தில் இலக்கைக் குறைத்துவிடுங்கள். இடி கேட்டால் கரையேறத்தானே வேண்டும்.