கரடியின் பெயரில் வேதம் இருக்கிறதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்ய மொழியில் கரடிக்கு 'மெத்வேத்' என்று பெயர். 'மெத்' என்றால் தேன், 'வேத்' என்றால் அறிதல், நம்முடைய வேதமும் அதே சொல்தான், ஆகவே 'தேனை அறிந்தவன்' என்று ஒரு காணொளியில் விளக்கினார்கள். கரடியின் உண்மையான பழைய ரஷ்யப் பெயர் 'பெர்' என்றும், கரடியின் குகையைக் குறிக்கும் 'பெர்லோகா' என்ற சொல்லில் அது ஒளிந்திருக்கிறது என்றும் சொன்னார்கள். இதெல்லாம் சரிதானா? மெத்வெதெவ் என்ற குடும்பப் பெயரும் இதிலிருந்து வந்ததா?

கா.

அன்புள்ள கா.,

மெத் என்றால் தேன் என்பது சரி. தவறு பிரிப்பதில் இருக்கிறது. மெத் + வேத் என்று பிரிக்கக் கூடாது, மெது + ஏத் என்று பிரிக்க வேண்டும். ஏத் என்பது உண்ணுதலைக் குறிக்கும் வேர். ஆகவே கரடி தேனுண்ணி.

நடுவில் 'வ்' எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தேனுக்கான பழைய சொல் உகரத்தில் முடிந்தது. அடுத்து உயிரெழுத்து வந்ததும் அந்த உகரம் வகரமாகிவிட்டது. மனு + அந்தரம் மன்வந்தரம் ஆகிறதே, அதே மாற்றம்தான். இன்னும் அழகான சான்று ஒன்று உண்டு. சமஸ்கிருதத்தில் மது + அத் சேர்ந்து 'மத்வத்' ஆகும். பொருள் அதேதான், தேனை உண்பது. ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில், 164ஆம் பாடலில், மரத்தில் அமர்ந்திருக்கும் பறவைகளுக்கு அது அடைமொழியாக வருகிறது. ஆக, வேதத்தோடு இந்தச் சொல்லுக்கு உறவு உண்டு. ஆனால் அந்த உறவு காணொளியில் சொன்ன வழியாக வரவில்லை. மது என்ற சொல் வடமொழி வழியாகத் தமிழுக்கும் வந்து தேனையும் போதை தரும் பானத்தையும் குறிக்கிறது. போலந்துக்காரர்களின் 'மியூத்' என்ற சொல்லுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு.

ரஷ்யன், போலிஷ், செக் முதலியவை அடங்கிய ஸ்லாவிய மொழிகளில் அறிதலைக் குறிக்கும் வேரும் வேதமும் உறவுச் சொற்கள் என்பதில் சந்தேகமே இல்லை. செக் மொழியில் அறிவியலுக்கே 'வியெதா' என்றுதான் பெயர். அந்த வேர் கரடிக்குள் இல்லை, அவ்வளவுதான். இந்தக் குழப்பத்துக்கு உக்ரைனிய மொழியும் ஒரு காரணம். அங்கே கரடி 'வெத்மீத்'. அதைக் கேட்டால் 'அறிந்தவன்' முன்னால் நிற்பது போலத்தான் தோன்றும். ஆனால் அது மகரமும் வகரமும் பின்னாளில் இடம் மாறியதால் வந்தது. ரஷ்யன், செக், ஸ்லோவாக், செர்பியன், ஸ்லோவேனியன் எல்லாவற்றிலும் மகரம்தான் முதலில் வருகிறது. உக்ரைனியர்களிடமே மெத்வீத் என்ற குடும்பப் பெயர் இன்றும் இருக்கிறது. ஒரு சொல்லின் பிறப்பை அறிய அதன் சகோதர மொழிகளையெல்லாம் விசாரிக்க வேண்டும். ஒரே ஒரு மொழியை வைத்துக்கொண்டு சொல்லை உடைத்தால் எந்தச் சொல்லுக்குள்ளும் எதையும் காணலாம்.

சரி, ஒரு விலங்குக்கு ஏன் பட்டப்பெயர்? சமஸ்கிருதமும் பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளும் இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரே குடும்பம். கரடிக்கான மிகப் பழைய இந்தோ-ஐரோப்பியச் சொல் சமஸ்கிருதத்தில் ருக்ஷம், கிரேக்கத்தில் ஆர்க்தோஸ், லத்தீனில் உர்சுஸ் என்று தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆர்க்டிக் என்ற பெயரே அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, வடவானத்துக் கரடி விண்மீன் கூட்டத்தை வைத்து. ஆனால் கரடி நிறைந்த வடக்குக் காடுகளில் வாழ்ந்த ஸ்லாவியர்களிடமும் ஜெர்மானியர்களிடமும் அந்தச் சொல் காணாமல் போய்விட்டது. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற அச்சத்தால் வேட்டைக்காரர்கள் அதை விலக்கியிருக்க வேண்டும் என்று பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே 1906இல் எழுதினார். இது ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். மொழிக்குடும்பமே வேறான ஃபின்னிஷ் மொழியிலும் கரடிக்குத் 'தேன் பாதம்' என்று ஒரு பெயர் உண்டு.

இப்போது 'பெர்'. கரடி என்ற பொருளில் அப்படி ஒரு ஸ்லாவியச் சொல்லே கிடையாது. அது ஜெர்மானியச் சொல். 'பழுப்பன்' என்பது அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் பொருள், அதாவது அதுவும் ஒரு பட்டப்பெயர்தான். அப்படியிருக்க அதை எப்படி 'உண்மையான பெயர்' என்பது? பெர்லோகாவின் சகோதரிகளைப் பாருங்கள். போலிஷ் மொழியில் 'பார்வூக்' என்றால் அலங்கோலமாகக் கிடக்கும் வைக்கோல் படுக்கை. செர்பிய மொழியின் 'பிர்லோக்' விலங்கின் வளையையும் குறிக்கும், பன்றி கிடக்கும் இடத்தையும் குறிக்கும். கரடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ரஷ்யக் காட்டில் அப்படிப்பட்ட இடத்தில் குளிர்காலம் முழுக்கத் தூங்கியது கரடி என்பதால் அங்கே அந்தச் சொல் கரடியோடு ஒட்டிக்கொண்டது. பெர்லோகாவை ரகசியச் சான்றாகக் காட்டும் காணொளிகள் ரஷ்ய மொழியிலும் ஏராளம். ஆயிரம் ஆண்டு மொழி வரலாற்றை ஒரு வார்த்தை விளையாட்டாகச் சுருக்கிவிடுகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். மத்வத்தும் மெத்வேத்தும் அத்தனை தொலைவில் அதே சந்தியோடு நிற்பது அந்த ரகசியத்தைவிட எவ்வளவு பெரிய வியப்பு!

அப்புறம், குடும்பப் பெயர். ஆமாம், மெத்வெதெவ் என்றால் கரடியின் வழிவந்தவர் என்று பொருள். 2008 முதல் 2012 வரை ரஷ்ய அதிபராக இருந்தவருக்கும், 2021இல் அமெரிக்க ஓபன் வென்ற டென்னிஸ் வீரருக்கும் அதே பெயர். அவ்வளவு எளிதில் கண்ணில் படாத இன்னொரு கரடி உண்டு. போலிஷ் மொழியில் முதலில் நின்ற மகரம் னகரமாக மாறி, கரடி 'நியெஜ்வியெச்' ஆனது. பழைய செக் பேச்சிலும் அப்படி ஒரு வடிவம் இருந்தது. 2003இல் ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரருக்கான தங்கப் பந்தைப் பெற்ற செக் வீரர் பாவெல் நெத்வியெத்தின் குடும்பப் பெயர் அதுதான்.